விண்வெளி ஆய்வுக்குப் பொதுப்பணம்: எந்தச் செலவு தேறும், எது தேறாது?

சுழல்பாதை:
இந்தப் பேச்சு எங்கே கிளம்பினாலும் இரண்டு கட்சி பிரிந்துவிடுகிறது. "சோற்றுக்கே வழியில்லை, ராக்கெட் எதற்கு" என்று ஒரு கட்சி. "செல்போன் முதல் தோசைக்கல் டெஃப்ளான் வரை எல்லாம் விண்வெளி தந்ததுதான்" என்று மறு கட்சி. இரண்டு பேரும் கணக்கைத் தொடுவதில்லை.

அளவை முதலில் வைத்துவிடுகிறேன். நாசாவின் 2023 நிதியாண்டு ஒதுக்கீடு ஏறத்தாழ 2,540 கோடி டாலர். அமெரிக்கக் கூட்டரசின் மொத்தச் செலவில் இது 0.4 சதவீதத்தை ஒட்டி வரும். அப்பல்லோ உச்சத்தில் இருந்த 1966-இல் அந்தப் பங்கு 4.4 சதவீதம். இந்திய விண்வெளித் துறைக்கு 2024-25-இல் ஒதுக்கியது சுமார் 13,000 கோடி ரூபாய். மொத்த பட்ஜெட் 48 லட்சம் கோடி. 0.3 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஆக, "இதை நிறுத்தினால் வறுமை ஒழியும்" என்பது கூட்டல் கழித்தலிலேயே நிற்காது.

ஆனால் தொகை சின்னது என்பதால் செலவு சரி என்று ஆகிவிடாது. வானிலை, தொலைத்தொடர்பு, வழிகாட்டல் செயற்கைக்கோள்களை ஓரமாக வையுங்கள்; அவற்றை யாரும் மறுக்கவில்லை. நிலவு, செவ்வாய், தொலைநோக்கி, மனிதரை அனுப்புவது ஆகியவற்றுக்கு மட்டும் பொதுப்பணம் தகுமா? கணக்கோடு பேசுவோம்.

எட்டணா:
தகாது என்ற பக்கம் என்னைப் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் பொய்க்கணக்குகளைக் கழிப்போம்.

டெஃப்ளான் 1938-இல் டூபான்ட் ஆய்வகத்தில் கிடைத்தது. அப்போது நாசாவே கிடையாது. வெல்க்ரோ ஒரு சுவிஸ் பொறியாளர் 1940-களில் யோசித்தது. ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தின் பணம், ராணுவத்தின் தேவை. கோள் ஆய்வோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

அடுத்தது "ஒரு டாலர் போட்டால் மூன்று டாலர்" வாதம். நாசா தன் 2023 பொருளாதார அறிக்கையில் 7,560 கோடி டாலர் உற்பத்தி என்று காட்டியது. இது உள்ளீடு-வெளியீடு மாதிரி. சம்பளம் வாங்கியவர் கடையில் செலவு செய்தார், கடைக்காரர் வேறொருவரிடம் செலவு செய்தார் என்று சுற்றிச் சுற்றிக் கூட்டும் முறை. அதே பணத்தைப் பாலம் கட்டப் போட்டாலும் அந்த மாதிரி இதே மாதிரி ஓர் எண்ணைக் கக்கும். அந்தப் பணம் வேறெங்கும் போகாமல் இங்கே வந்ததால் என்ன கூடுதலாகக் கிடைத்தது என்ற கேள்விக்கு அதில் பதிலே இல்லை. மொத்தத்தைக் காட்டுவார்கள், நிகரத்தைக் காட்டமாட்டார்கள்.

நீள்வட்டம்:
எட்டணா சொன்னதில் பிழை இல்லை. டெஃப்ளான் கதையை விட்டொழிப்பதுதான் நல்லது. ஆனால் உண்மையான பட்டியலும் ஒன்று உண்டு, சின்னது. கைபேசிக் கேமராவில் இருக்கும் சிமாஸ் பட உணரியின் இன்றைய வடிவம் 1990-களின் தொடக்கத்தில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபாஸம் குழு செய்தது. காரணம் எளிது: அதற்கு முன்பிருந்த சி.சி.டி. வகை உணரிக்கு மின்சாரமும் துணைச் சுற்றுகளும் நிறைய வேண்டும். கலத்தில் இரண்டுக்கும் பஞ்சம். ஒவ்வொரு படப்புள்ளிக்குள்ளும் ஒரு பெருக்கியை வைத்துவிட்டால் கேமரா முழுவதையும் ஒரே சில்லில் அடக்கலாம்.

அப்பல்லோ வழிகாட்டல் கணினியும் அந்த வகைதான். 1963-இல் அமெரிக்காவில் செய்த ஒருங்கிணைந்த சுற்றுகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு கணினித் திட்டம் வாங்கிக்கொண்டது.

எட்டணா:
அடுத்த ஓரிரு வருடத்தில் மினிட்மேன் என்ற அமெரிக்க அணு ஏவுகணை அதைவிட அதிகம் வாங்கியதே! அப்பல்லோ இல்லாவிட்டால் சில்லு வந்திருக்காது என்று சொல்ல முடியுமா?

நீள்வட்டம்:
முடியாது. முன்கூட்டியே வந்தது என்றுதான் சொல்லலாம். அதோடு, "தோற்றால் ஆள் சாவான்" என்ற தரக்கட்டுப்பாட்டுடன் வாங்கியதால் உற்பத்தியாளர்கள் பழுது விகிதத்தைக் கீழே கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்கு மேல் நான் உரிமை கொண்டாடவில்லை.

முகில்கணிப்பு:
சுழல்பாதை, வானிலையை ஓரமாக வைக்கச் சொன்னீர்கள். அந்தக் கோடு அவ்வளவு நேராக ஓடவில்லை. ஓர் உதாரணம் மட்டும், ஆனால் முழுதாக.

1965 ஜூலையில் நாசாவின் மரைனர் 4 கலம் செவ்வாயைக் கடந்து அதன் பின்னால் மறைந்தது. மறையும் நொடிகளில் கலத்தின் வானொலி அலை செவ்வாயின் வளிமண்டலத்தை ஊடுருவித்தான் பூமிக்கு வர வேண்டும். காற்றடர்த்தி மாற மாற அலை கொஞ்சம் வளையும். வளைந்தால் வந்துசேரும் அலையின் கட்டம், அதாவது ஏற்ற இறக்கம் வரும் நேரம், மாறும். அந்த மாற்றத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் அடர்த்தி, அதிலிருந்து அழுத்தம், வெப்பநிலை. தரையழுத்தம் சில மில்லிபார்தான் என்று தெரிந்தது. அதற்கு முன்பு நம்பியதைவிடப் பல மடங்கு குறைவு. பாராசூட்டை மட்டும் நம்பிச் செவ்வாயில் இறங்கும் வரைபடங்கள் எல்லாம் அன்றோடு குப்பைக்குப் போயின.

அதே கணக்கைத் தலைகீழாகப் பூமிக்குப் போட்டுப் பாருங்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் அலையை அனுப்புகிறது, தாழ்பாதையில் ஒரு சின்னக் கலம் அது தொடுவானத்தில் மூழ்குவதைக் கேட்கிறது. 1995-இல் ஜி.பி.எஸ்./மெட் என்ற சோதனைக் கருவி இதைச் செய்து காட்டியது. 2006-இல் காஸ்மிக் என்று ஆறு கலங்கள். இன்று வானிலை மையங்களின் கணினி மாதிரிகளுக்கு இது அன்றாட உணவு.

இதன் அருமை எங்கே என்றால், நுண்ணலைக் கதிர்வீச்சுமானி போன்ற மற்ற கருவிகள் ஆண்டுபோக்கில் நகர்ந்துவிடும்; ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு சாய்வு, அதாவது ஒரே பக்கமாக விழும் பிழை, இருக்கும். இந்த முறை அளப்பது நேரத்தை. அணுக்கடிகாரம்தான் அளவுகோல் என்பதால் திருத்தமே தேவையில்லாமல் மாதிரிக்குள் போகிறது, மற்றக் கருவிகளின் சாய்வைப் பிடித்துக் கட்டும் நங்கூரமாகவும் நிற்கிறது. மேகம், மழை, கடல் எதுவும் தடையில்லை. குறையும் உண்டு: கிடைமட்டத்தில் சுமார் 200, 300 கிலோமீட்டருக்கு ஒரு சராசரிதான் தரும், தரையை ஒட்டிய ஈரக் காற்றில் அலை பல பாதைகளாகச் சிதறி அளவீடு கெடும்.

1965-இல் ஒரு தணிக்கையாளர் "இதனால் என்ன லாபம்" என்று கேட்டிருந்தால் ஒருவராலும் புயல் முன்கணிப்பு என்று பதில் சொல்லியிருக்க முடியாது.

எட்டணா:
அழகான உதாரணம். ஆனால் முப்பது வருடம் கழித்து வென்ற குதிரையைத் திரும்பிப் பார்த்துக் காட்டுகிறீர்கள். தோற்ற குதிரைகளை யார் எண்ணுவது? தவிர, மரைனர் 4 சின்னக் கலம். அதை வைத்துக்கொண்டு ஆயிரம் கோடி டாலர் திட்டங்களுக்கு நியாயம் கற்பிக்க முடியாது.

தணிக்கைக்கண்:
கேள்வி இப்போதுதான் சரியான இடத்துக்கு வந்திருக்கிறது. "விண்வெளிக்குச் செலவிடலாமா" என்பதைவிட "இந்தக் கலத்தை இந்த ஒப்பந்தத்தில் வாங்கலாமா" என்பதுதான் பணத்தைத் தீர்மானிக்கிறது. செலவு எங்கே வீங்குகிறது என்று பாருங்கள்.

நாசாவின் செவ்வாய் ஊர்தி கியூரியாசிட்டி 2009-இல் கிளம்ப வேண்டியது. மூட்டுகளை இயக்கும் மோட்டார்-பல்சக்கரத் தொகுதிகள் குறித்த நேரத்தில் தேறவில்லை. எடையையும் மின்சாரத்தையும் மிச்சம் பிடிக்க உலர் மசகில் ஓடும் டைட்டானியம் பல்சக்கரம் என்று தொடங்கினார்கள்; தேய்மானச் சோதனையில் அது நிற்கவில்லை. எஃகுக்கும் ஈர மசகுக்கும் மாறினார்கள். ஈர மசகு செவ்வாய்க் குளிரில் இறுகும், ஆகவே சூடேற்றி. சூடேற்றிக்கு மின்சாரம், கம்பி, மென்பொருள். இப்படி ஒன்று இழுக்க இன்னொன்று வந்தது. செவ்வாய்க்கு வழி 26 மாதத்துக்கு ஒருமுறைதான் திறக்கும். மோட்டார் சில மாதம்தான் தாமதம், ஆனால் கலம் காத்திருந்தது இரண்டு வருடத்துக்கு மேல். கூடுதல் செலவு சுமார் 40 கோடி டாலர்.

செவ்வாயின் நிலநடுக்கத்தை அளக்கப் போன இன்சைட் கலத்தின் கதையும் அதுவே. நிலநடுக்கமானியை வைத்திருந்த வெற்றிடக் கோளத்தில் மிக நுண்ணிய கசிவு. 2016 மார்ச் பயணம் 2018 மே-க்குப் போனது. கூடுதல் 15.38 கோடி டாலர்.

அந்தப் பணம் கசிவை அடைக்கவா போனது? பெரும்பகுதி சம்பளம். அந்தக் கலத்தை அறிந்த பொறியாளர்களைக் கலைத்துவிட்டால் திரும்பச் சேர்க்க முடியாது. ஆகவே வேலை குறைந்தாலும் படையைக் கட்டிக் காக்க வேண்டும். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி சுமார் 1,000 கோடி டாலரில் முடிந்ததற்கும் இதுவே முக்கியக் காரணம். 2018-இல் ஒலியதிர்வுச் சோதனை முடிந்து பார்த்தால் வெயில்மறைப்பின் உறையிலிருந்து திருகாணிகளும் வாஷர்களும் கீழே கிடந்தன. திருகாணியின் விலை என்ன இருக்கும்? ஒவ்வொன்றாகத் தேடி, ஏன் கழன்றது என்று கண்டுபிடித்து, மறுபடி பூட்டி, மறுபடி சோதிக்கும்வரை மொத்தத் திட்டமும் சம்பளம் வாங்கிக்கொண்டு நின்றது. 344 இடங்களில், பெரும்பாலும் விரிவதில், எது ஒன்று சிக்கினாலும் கலம் போச்சு என்ற வடிவமைப்பு. அதில் அவசரப்படவும் முடியாது.

எட்டணா:
என் கட்சிக்கு நீங்களே ஆள் சேர்க்கிறீர்கள்.

தணிக்கைக்கண்:
இன்னும் ஒன்று சேர்க்கிறேன். நிலவுக்கு ஆள் அனுப்பும் நாசாவின் எஸ்.எல்.எஸ். ராக்கெட்டும் ஓரியன் கலமும் சேர்ந்து முதல் நான்கு பயணங்களுக்குத் தலா 410 கோடி டாலர் ஆகும் என்று நாசாவின் தலைமைத் தணிக்கையாளரே 2022-இல் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். வளர்ச்சிச் செலவைச் சேர்க்காமல். ஷட்டிலில் மீண்டும் மீண்டும் பறந்த ஆர்.எஸ்.-25 இன்ஜின்களை எடுத்து, பயணத்துக்கு நான்காகக் கடலில் போடுகிறார்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் "செலவு மேல் கூலி": ஆன செலவை அரசு தரும், அதற்கு மேல் கட்டணமும் தரும். தாமதமானால் ஒப்பந்தக்காரருக்கு வலிக்காது.

எதிர்ப்பக்கம் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட். பழைய முறையில் உருவாக்கினால் சுமார் 400 கோடி டாலர் ஆகியிருக்கும் என்று நாசாவின் விலைமாதிரி சொன்னது. நிறுவனம் காட்டி, நாசா சரிபார்த்த செலவு, அதற்கு முந்தைய சின்ன ராக்கெட்டையும் சேர்த்து, 39 கோடி. கட்டணம் மைல்கல் முறையில் தரப்பட்டது: வடிவமைப்பு ஆய்வு முடிந்தால் இவ்வளவு, நிதி திரட்டிக் காட்டினால் இவ்வளவு, பறந்து காட்டினால் இவ்வளவு. நாசாவின் அதே சரக்குத் திட்டத்தில் தேர்வான இன்னொரு நிறுவனம் தனியார் நிதி திரட்டத் தவறியது. 2007-இல் ஒப்பந்தம் ரத்து. அரசு இழந்தது சுமார் 3.2 கோடியோடு நின்றது. தோல்வியை மலிவாக்கியதுதான் அங்கே நடந்த சாதனை.

நீள்வட்டம்:
இப்படி விலையை முன்பே கட்டிவிடும் நிலைவிலையைச் சர்வரோக நிவாரணியாக ஆக்கிவிட வேண்டாம். என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்த வேலைக்கே அது பொருந்தும்: சரக்கைக் கொண்டுபோ, ஆளைக் கொண்டுபோ. அதிலும் ஆளை ஏற்றும் கலமான ஸ்டார்லைனரைப் பாருங்கள்; நிலைவிலை ஒப்பந்தம், போயிங் சொந்தக் கையிலிருந்து 150 கோடி டாலருக்கு மேல் இழந்தது, 2024-இல் ஆளில்லாமல் திரும்பியது. மக்கள் பணம் தப்பியது, ஆனால் கலம் கிடைக்கவில்லை. யாரும் இதுவரை செய்யாத கருவிக்கு நிலைவிலை கேட்டால், ஒன்று விலையில் அச்சத்தையும் சேர்த்துச் சொல்வார்கள், இல்லையென்றால் ஏலத்துக்கே வரமாட்டார்கள்.

சுழல்பாதை:
அப்படியானால் மங்கள்யான் முறையை எல்லாரும் பின்பற்ற வேண்டியதுதானே? 450 கோடி ரூபாய். அதே சமயம் செவ்வாய்க்குப் போன நாசாவின் மேவன் 67 கோடி டாலர்.

நீள்வட்டம்:
இந்த ஒப்பீடு சரியில்லை. விலைச்சீட்டைப் பார்த்தோம், பொருளைப் பார்க்கவில்லை.

மங்கள்யானில் ஐந்து கருவிகள், சேர்த்து 15 கிலோவுக்குள். மேவனில் 65 கிலோ. பி.எஸ்.எல்.வி.யால் கலத்தை நேராகச் செவ்வாய்ப் பாதையில் எறிய முடியாது. அதனால் பூமியைச் சுற்றும் நீள்வட்டத்தில் விட்டு, அண்மைப் புள்ளிக்கு வரும்போதெல்லாம் கலத்தின் 440 நியூட்டன் இன்ஜினை எரித்துச் சேய்மைப் புள்ளியை உயர்த்தினார்கள். இதில் எரிபொருள் போகும். போனால் கருவிக்கு எடை மிஞ்சாது. செவ்வாயிலும் சுமார் 420 க்கு 77,000 கிலோமீட்டர் என்ற நீண்ட பாதைதான் கிடைத்தது.

மலிவானதற்குக் காரணங்கள்: சந்திரயான்-1-இல் பறந்த கல அமைப்பை எடுத்துக்கொண்டது, சோதனைக்கென்று தனிக் கலங்கள் பல செய்யாமல், பறக்கப்போகும் கலத்தையே சோதித்தது, சம்பள அளவு, குறுகிய கால அட்டவணை. இதில் இரண்டாவதுதான் ஆபத்தும் கூட.

நெருங்கிப் பார்க்க ஒரு சம்பவம். 2013 நவம்பர் 11, நான்காவது எரிப்பு. எரிபொருள் வால்வைத் திறக்கும் சுருள்களில் முதன்மை ஒன்று, மாற்று ஒன்று. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் கொடுத்துப் பார்த்தபோது இன்ஜினுக்குப் போகும் ஓட்டம் நின்றுவிட்டது. நொடிக்கு 130 மீட்டர் கூட வேண்டிய வேகம் 35 மீட்டரே கூடியது. மறுநாள் துணை எரிப்பில் சரிசெய்தார்கள். தனித்தனியே வேலை செய்யும் இரண்டு, சேர்ந்தால் வேலை செய்யாது என்பது பறக்கும்போதுதான் தெரிந்தது. பூமிப் பாதையில் நடந்ததால் ஒரு நாள் கிடைத்தது. செவ்வாயை எட்டும் 24 நிமிட எரிப்பில் இதற்கு அவகாசமே இல்லை.

அதற்கு முன் இன்னொரு தலைவலி: ஏறத்தாழ 300 நாள் தூங்கிய இன்ஜின் எழுமா? அதற்காகவே எரிபொருள் குழாயில் இணைப்பாதை ஒன்றும் கூடுதல் வால்வும் வைத்திருந்தார்கள். செப்டம்பர் 22-இல் 4 நொடி எரித்துப் பார்த்துவிட்டு, 24-இல் நிஜ எரிப்பு. எது மட்டும் தோற்கக் கூடாதோ அதற்கு மட்டும் பணம் போட்டார்கள். அந்தத் தேர்வுதான் பின்பற்றத் தக்கது, 450 என்ற எண் அல்ல.

தணிக்கைக்கண்:
சோதனையில் மிச்சம் பிடித்துக் கையைச் சுட்டுக்கொண்டதற்கு ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி. கண்ணாடியைத் தேய்க்க வழிகாட்டிய ஒளிக்கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. வில்லையின் இடத்தைக் குறிக்கும் அளவுகோலின் மூடியில் கருப்புப் பூச்சு பெயர்ந்த இடத்தில் ஒளி பட்டுத் திரும்ப, அதையே கோலின் முனை என்று எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடியின் விளிம்பு 2.2 மைக்ரான் அதிகம் தட்டையானது. வேடிக்கை என்னவென்றால், வேறு இரண்டு எளிய சோதனைகள் பிழையைக் காட்டின. "அவை துல்லியம் குறைந்தவை" என்று ஒதுக்கிவிட்டார்கள். முழுத் தொலைநோக்கியை ஒருமுறை கோத்துச் சோதிப்பது செலவு என்று விட்டதால், பிழை 1990-இல் மேலே போன பிறகே தெரிந்தது. 1993 டிசம்பரில் ஆள் போய்ச் சரிசெய்தார்கள்.

கல்லுளி:
"ஆள் போய்" என்றீர்களே, அதற்குத்தான் வந்தேன். மனிதப் பயணம் வீண் என்று இங்கே சொல்லாமலே ஒத்துக்கொண்டது போலத் தெரிகிறது. பாறைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அப்படி இல்லை. அப்பல்லோ கொண்டுவந்தது 382 கிலோ. சோவியத்தின் மூன்று லூனா இயந்திரங்கள் சேர்ந்து கொண்டுவந்தது 300 கிராமைச் சுற்றி. அப்பல்லோ 17-இன் இருவர் மூன்று நாளில் வண்டியில் 35 கிலோமீட்டர் சுற்றினார்கள். செவ்வாயில் ஆப்பர்சூனிட்டி ஊர்தி 45 கிலோமீட்டர் போக 14 வருடம் ஆனது.

எரிமலைக் கண்ணாடி மணிகளுக்குள் நீரின் சுவடு இருப்பது 2008-இல்தான் தெரிந்தது. அந்த மணிகள் வந்தது 1970-களின் தொடக்கத்தில். அன்று அதை அளக்கும் துல்லியம் இல்லை. கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் கருவி வளர வளரக் கல்லும் புதிதாகப் பேசும்.

எட்டணா:
அந்த 382 கிலோவுக்கு அன்றைய விலையில் சுமார் 2,580 கோடி டாலர். சீனாவின் சாங்கே-5 2020-இல் ஆளே இல்லாமல் 1.7 கிலோ கொண்டுவந்தது, சாங்கே-6 2024-இல் நிலவின் மறுபக்கத்திலிருந்தே ஏறத்தாழ 1.9 கிலோ. 382 கிலோவும் ஆறே இடங்களிலிருந்து. எனக்கு இன்னும் பத்து இடங்களின் இரண்டிரண்டு கிலோ போதும். கற்களுக்காக ஆளை அனுப்பவில்லை, ஆளை அனுப்பியதால் கற்களும் வந்தன.

கல்லுளி:
கடைசி வரியை மறுக்க மாட்டேன். ஆனால் எந்தக் கல்லை எடுப்பது என்ற தேர்வு இயந்திரக் கைக்கு இன்னும் வரவில்லை.

நெறியாளர்:
மனிதரா இயந்திரமா என்பதற்குத் தனி இழை ஓடுகிறது. அங்கே தொடருங்கள்.

முகில்கணிப்பு:
எட்டணா, சிறுகோள் பாதுகாப்பையும் தகாது என்பீர்களா? 2013-இல் செல்யாபின்ஸ்க் மேல் வெடித்தது 20 மீட்டர் அளவுக் கல். சுமார் 1,500 பேருக்குக் காயம், பெரும்பாலும் உடைந்த கண்ணாடியால். ஒளியைப் பார்த்துச் சன்னலுக்கு ஓடினார்கள், அதிர்வலை பின்னால் வந்தது. 2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் கலம் டைமார்ஃபாஸ் என்ற சிறுகோள் மீது மோதி, பெரிய சிறுகோள் ஒன்றைச் சுற்றிவரும் அதன் 11 மணி 55 நிமிடச் சுற்றை அரை மணி நேரத்துக்கு மேல் குறைத்தது. செலவு சுமார் 32 கோடி டாலர்.

எட்டணா:
அதற்குத் தகும். அது காப்பீடு, பிரீமியம் எவ்வளவு, எதற்கு என்று தெரிகிறது. சொல்லப்போனால் மோதும் கலத்தைவிடத் தேடும் தொலைநோக்கிக்கு இன்னும் கொடுக்கலாம். 140 மீட்டருக்கு மேற்பட்டவற்றில் 90 சதவீதத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி 2005-இல் சட்டமே போட்டார்கள், பாதியைக்கூடத் தாண்டவில்லை. வருவது தெரியாவிட்டால் எதை மோதுவது?

சுழல்பாதை:
நல்லது. ஒரு திட்ட முன்மொழிவு மேசைக்கு வந்தால் முதலில் எந்தப் பக்கத்தைப் புரட்டுவீர்கள்?

தணிக்கைக்கண்:
அறிவியல் நோக்கத்தை அல்ல. அது எப்போதும் அழகாகத்தான் இருக்கும். முதலில் தொழில்நுட்ப முதிர்ச்சி அட்டவணை. பூர்வாங்க வடிவமைப்பு ஆய்வுக்குள் ஒவ்வொரு புதுக் கருவியும் முதிர்ச்சி நிலை 6-ஐத் தொட்டதா, அதாவது ஒரு மாதிரி, போகப்போகும் சூழலுக்கு ஒப்பான இடத்தில் ஓடியதா? "வளர்ந்துகொண்டிருக்கிறது" என்று எழுதிய வரிதான் பிறகு 40 கோடி டாலராக வரும்.

அடுத்து, எந்த நம்பக நிலையில் விலை சொன்னார்கள், அதாவது சொன்ன விலைக்குள் முடிய எத்தனை சதவீத வாய்ப்பு. பெரிய திட்டங்களுக்கு 70 சதவீத நம்பகத்தில் செலவும் காலமும் சேர்த்துச் சொல்லும் விதி நாசாவில் 2009-இலிருந்து இருக்கிறது. 50-இல் சொன்ன விலை அனுமதி வாங்குவதற்கான விலை.

மூன்றாவது, தரவு யாருக்கு, எப்போது. பூமியைப் படமெடுக்கும் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் படம் ஒன்றுக்கு 600 டாலர் வாங்கிய காலத்தில் நாளுக்கு ஐம்பது சொச்சம் விற்றது. 2008-இல் இலவசமாக்கியதும் நாளுக்கு ஆயிரக்கணக்கில் போனது. கலம் அதே கலம். ஹப்பிள் காப்பகத்தை வைத்து வரும் கட்டுரைகள், நேரம் கேட்டு வாங்கியவர்கள் எழுதும் கட்டுரைகளைத் தாண்டிவிட்டன. பொதுப்பணத்தில் போன கலத்தின் தரவு பூட்டிக்கிடந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன்.

எட்டணா:
இந்த மூன்றையும் வைத்தால் இன்று பறப்பதில் பாதி நிற்காது.

தணிக்கைக்கண்:
செவ்வாய் மண்ணைக் கொண்டுவரும் திட்டம் அப்படித்தான் நின்றது. 2023-இல் தனிக்குழு ஆராய்ந்து 800 முதல் 1,100 கோடி டாலர் என்றது. உடனே மறுபரிசீலனைக்குப் போனது. பெர்சிவரன்ஸ் ஊர்தி நிரப்பிய மண் குழாய்கள் அங்கேயே இருக்கின்றன.

நீள்வட்டம்:
ஒரு சின்னத் திருத்தம், யாராவது இதை எடுத்து எங்கேயாவது போடுவதற்கு முன். 26 மாதக் காத்திருப்பு செவ்வாய்க்கு மட்டும். நிலவுக்கு அடுத்த வாய்ப்பு நாட்கணக்கிலோ மாதக்கணக்கிலோ வந்துவிடும். இறங்கும் இடத்தில் பொழுது விடிந்திருக்க வேண்டும் என்பதுதான் பெரிய நிபந்தனை. ஆகவே இன்சைட்டின் அதே கசிவு நிலவுக் கலத்தில் நேர்ந்திருந்தால் சம்பளச் செலவு அந்த அளவுக்கு ஏறாது. விலை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அட்டவணையில் போடாதீர்கள்.